நாவூறு படாத கேள்வி

இதை எழுதுபவன் அமராவதியை முதன்முதலில் கண்டபோது, அவர் ஜெயபுரம் மதகடியில் நடுவீதியில் கையை விரித்துக்கொண்டு நின்றார். 2001ஆம் ஆண்டு மாசி மாதம் அது. மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார் சைக்கிள் புகையையும் சத்தத்தையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தது. பின்னால் பத்மாசனி இருந்தார். ஒரு காலத்தில் ஆசிரியையாக இருந்தவர். இப்போது கிளிநொச்சியிலிருந்து சிறுவர் உளநலத் திட்டம் ஒன்றை நடத்துகிறவர். ஓட்டி வந்தவன் இதை எழுதுபவன்தான்; அவனுக்கு அந்த வேலையில் அது முதல் மாதம். தருமபுரத்தில் வயல் செய்யும் கமக்காரன் ஒருவனின் மகன் அவன். பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படத்தை அம்மா சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த புதிது.

"தம்பி, இதில நிற்பாட்டுங்கோ. இனி உருட்டிக்கொண்டு வாங்கோ. உள்ள பிள்ளையள் இருக்குதுகள்."

பத்மாசனி இறங்கி நடந்தார். அவருக்கு அந்தச் சட்டம் தெரியும். இயந்திரச் சத்தம் எதுவானாலும் அங்குள்ள பிள்ளைகளுக்கு அது குண்டு போடுகிற கிபிர் விமானம்தான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பங்கர்ப் பதுங்குகுழிக்குள் பாய்வார்கள். பிறகு வெளியே எடுக்க அரை நாள் போய்விடும். ஆகவே எந்த வாகனமும் மதகைத் தாண்டி ஓடக்கூடாது என்று அமராவதி முடிவுகட்டியிருந்தார். நிவாரண லொறிக்காரன் ஒருவன் கேளாமல் ஓட்டி வந்து, அவருடைய வாயிலிருந்து வந்ததைக் கேட்டுவிட்டு, அடுத்த தரம் மூட்டைகளைத் தலையில் சுமந்து வந்தானாம்.

அப்போது அவருக்கு முப்பத்துநான்கு வயது. பிறந்தது கண்டிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். எழுபத்தேழுக் கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தபோது, தகப்பன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாரோ கைகாட்டிய திசையைப் பிடித்து வன்னிக்கு வந்து சேர்ந்தார். கிளிநொச்சிப் பக்கத்தில் பிறருடைய வயல்களில் களை பிடுங்கி, கதிர் அறுத்து, பிறகு ஜெயபுரத்தில் காடு வெட்டிக் காணி பிடித்துக் குடியேறினார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாயாண்டியைக் கட்டினார். ஊராரோடு கதைக்கும்போது வன்னித் தமிழும், வீட்டுக்குள் மாயாண்டியோடு கதைக்கும்போது மலைநாட்டுத் தமிழும் வரும். கோபம் வந்தால் எது வருமென்று அவருக்கே தெரியாது.

தொண்ணூற்றாறில் போரால் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது, யாருடைய வயல்களில் அவர் களை பிடுங்கினாரோ அந்தச் சனங்களே ஜெயபுரத்துக்கு வந்து அவருடைய காணியோரத்தில் கொட்டில் போட்டார்கள். சிவனேஸ்வரி அப்படி வந்தவர்தான். உருத்திரபுரத்தில் அமராவதிக்குக் கூலி கொடுத்தவர் இப்போது அமராவதியின் கிணற்றில் தண்ணீர் அள்ளினார். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் சண்டை பிடித்தார்கள்.

முந்திய ஆவணியில் பத்மாசனி வந்து, ஒரு பாலை மரத்தடியில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில் போட்டு, அதற்குச் சிறுவர் முற்றம் என்று பெயர் வைத்து, அமராவதியைப் பொறுப்பாக விட்டார். சொல்லிக்கொடுத்து வேலைக்கு விட்ட பிறகும் அடிக்கடி வந்து பார்த்தார். அங்கே பெரிய வைத்தியம் ஒன்றும் நடக்கவில்லை. பந்து, களிமண், நிறக்கட்டிகள், பாட்டு, கதை, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு ஒரே ஆள் வந்து நிற்பது, அவ்வளவுதான். அமராவதியின் மகன் சதீசும் அங்கேதான் வந்தான். எட்டு வயது. பக்கத்து ஊரில் குண்டு விழுந்த நாளிலிருந்து அவன் செருப்போடுதான் படுப்பான். தலைமாட்டில் உடுப்புப் பை. பாயில் புரளும்போதெல்லாம் கை அதைத் தேடும். மார்கழி மழை விட்ட பிறகு ஒருநாள் அவன் வெறுங்காலோடு படுத்துக் கிடந்ததை அமராவதி கண்டார். மாயாண்டிக்குக் காட்டவில்லை. மாயாண்டியும் கண்டிருந்தார், அவரும் சொல்லவில்லை. மாசி முடியும்போது அந்தப் பைக்குள் கோழி அடை கிடந்தது.

திட்டம் தொடங்கும்போது தாய்மாரிடம் சில கேள்விகள் கேட்டிருந்தார்கள். பிள்ளை பயமில்லாமல் நித்திரை கொள்கிறதா, தனியே வெளியே போகிறதா, சாப்பிடுகிறதா என்று. அரை வருடம் கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டு, முந்தியதையும் பிந்தியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முற்றத்தால் பயன் உண்டா இல்லையா என்பது தெரியும். அதைக் கேட்கத்தான் புதிதாக வந்த பெடியனை அனுப்பியிருந்தார்கள். பாலை மரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்து அவன் ஒவ்வொருவராகக் கேட்டான்.

"எங்க தம்பி, அப்படியே கிடக்கு" என்றார் ஒருவர். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். சிவனேஸ்வரி தன் மகன் ஜெயந்தன் முந்தியைவிட மோசம் என்றார். அதைச் சொல்லும்போது அந்த ஜெயந்தன் அவருடைய முதுகுக்குப் பின்னால் பாலைமரக் கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

கடைசியாக அமராவதி. சதீஸ் இப்ப பயமில்லாமல் படுக்கிறானோ என்று பெடியன் கேட்டான்.

"இன்னும் அப்படித்தான் தம்பி."

பொய் சொல்ல வேண்டுமென்று அவர் நினைக்கவில்லை. சூடு பட்ட கை இழுபடுவது போல அந்தப் பதில் தானாக வந்தது. வந்த பிறகு, புகழுகிற நாக்கால் வருகிற நாவூறு பட்டுவிடாமல் பக்கத்து மண்ணில் மெதுவாகத் துப்பிவிட்டு எழும்பினார்.

அவருக்கு முன்பு ஒரு பெண்பிள்ளை இருந்தது. தயாளினி. தொண்ணூற்றுநாலாம் ஆண்டு, பிள்ளைகளுக்கு நிறை பார்க்கிற நாளில், மருத்துவிச்சி அவளைத் தராசிலிருந்து தூக்கி எல்லோருக்கும் காட்டி, இந்த ஊரில் இதுதான் நிறை கூடிய பிள்ளை என்றார். அமராவதிக்குப் பெருமை தாங்கவில்லை. என் பிள்ளைக்கு ஒருநாள் காய்ச்சல் வந்ததில்லை என்று, தாய்மார் எல்லோரும் கேட்க, சிரித்துக்கொண்டு சொன்னார். அடுத்த நிறை பார்க்கிற நாளுக்குத் தயாளினி இல்லை. மூளைக்கு ஏறின மலேரியா என்றார் டொக்டர். அந்த மாதம் மருந்தும் இல்லை, பாதையும் இல்லை. மலேரியாதான் என்று அமராவதிக்கும் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு தன் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவருடைய வாயிலிருந்து வந்ததில்லை.

பங்குனி பிறந்ததும் பத்மாசனி தனியே வந்தார். கணக்குப் பார்த்தாகிவிட்டது, ஜெயபுரம் முற்றத்தில் முன்னேற்றம் இல்லை, சில பிள்ளைகள் பின்னால் போயிருக்கிறார்கள். பயனில்லாத இடத்தில் வைத்திருக்க முடியாது என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். புளியங்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லை. பங்குனி முடிய முற்றத்தை மூடி, சாமான்களை அங்கே கொண்டுபோக வேண்டும்.

"பயன் இருக்கு மிஸ்" என்றார் அமராவதி.

"எனக்கும் கண் இருக்கு அமராவதி. ஆனால் நான் கண்டதை எழுதினால், என்ர திட்டத்தை நானே புகழுறன் எண்டுவினம். தாய்மார் சொன்னதைத்தான் எழுதலாம். நீங்களே இன்னும் அப்படித்தான் எண்டெல்லோ சொல்லியிருக்கிறியள்?"

அன்று பின்னேரம் மாயாண்டி வயலிலிருந்து வந்து கால் கழுவும்போது அமராவதி விசயத்தைச் சொன்னார். சதீசைப் பற்றியும் கேட்டார்களா என்று மாயாண்டி கேட்டார்.

"கேட்டாங்க. நல்லா இருக்கான்னு வாயில வரலீங்க."

மாயாண்டி குசினி மூலையில் அந்தப் பைக்குள் அடை கிடந்த கோழியைப் பார்த்தார். "எனக்கும் வராது புள்ள" என்றார்.

முற்றம் மூடினால் என்ன நடக்கும் என்பதை அமராவதி எண்ணிப் பார்த்தார். கோழி எழும்பிப் போய்விடும். பை திரும்பத் தலைமாட்டுக்கு வரும். சதீசுக்கு மட்டுமல்ல, மதகுக்கு அங்காலே வருகிற வாகனச் சத்தத்தைக் கேட்டும் ஓடாமல் நிற்கப் பழகுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படித்தான். பத்மாசனி, முற்றம் மூடப்படுகிற செய்தியைத் தாய்மாருக்குச் சொல்ல ஒரு கூட்டம் வைத்திருந்தார். அதில் எழுந்து ஒரேயொரு வசனம் சொல்வதென்று அமராவதி முடிவு செய்தார்: சதீஸ் இப்ப செருப்பில்லாமல் படுக்கிறான். ஒருவர் சொன்னால் மற்றவர்களும் சொல்வார்கள். கிணற்றடியிலும் அடுப்படியிலும் அந்த வசனத்தைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டு திரிந்தார்.

கூட்டத்துக்கு எல்லாத் தாய்மாரும் வந்திருந்தார்கள். பெடியனும் வந்திருந்தான், மோட்டார் சைக்கிளை மதகடியிலிருந்து உருட்டிக்கொண்டு. பத்மாசனி செய்தியைச் சொன்னார். எதையும் தந்துவிட்டுப் பறிப்பது தாய்மாருக்குப் புதிதல்ல. அமராவதி எழுந்தார்.

"சதீஸ்..." என்றார். தராசும், மருத்துவிச்சியின் கையில் சிரித்துக்கொண்டிருந்த தயாளினியும் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். அடுத்த சொல் வரவில்லை. சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அவர் நிற்பது ஏன் என்று விளங்காத சிவனேஸ்வரி, வேறொரு காரணத்துக்காகக் காத்திருந்தவர் போலத் தொடங்கிவிட்டார்.

"சதீஸ்தான். நல்லதாப் போச்சு, நீங்களே கதையை எடுத்தது. என்ர கொய்யாவில ஒரு பிஞ்சை விட்டுவைக்கிறானோ? என்ர பெடியனையும் இழுத்துக்கொண்டு குளத்துக்குப் போறான். பொழுது படும்வரைக்கும் ரெண்டையும் காணக் கிடைக்காது."

"ஏறினது உங்கட ஜெயந்தன். என்ர பிள்ளை கீழ நிண்டு பொறுக்கினவன்."

"பொறுக்கினவனுக்குத்தானே வயித்தால போனது. கடவுள் இருக்கிறார்."

தாய்மார் சிரித்தார்கள். பத்மாசனி சிரிக்கவில்லை. கையை உயர்த்தி, சிவனேஸ்வரியைப் பார்த்து, ஆவணியில் ஜெயந்தன் என்ன கரைச்சல், என்ன தொல்லை தந்தவன் என்று கேட்டார்.

"அப்ப எங்க மிஸ்? கொட்டில் வாசலைத் தாண்டமாட்டான். ஒண்டுக்குப் போறதெண்டாலும் நான் கூடப் போய் நிக்கவேணும். என்ர சீலையைப் பிடிச்சபடி."

"இப்ப?"

"இப்ப பிடிச்சு வைக்க ஆள் வேணும்."

சொல்லிவிட்டுச் சிவனேஸ்வரி நிறுத்தினார். தான் என்ன சொன்னேன் என்று தன் காதாலேயே கேட்டவர் போல இருந்தது அவருடைய முகம். கொட்டிலுக்குள் சிரிப்பு அடங்கியது. அவர் பிள்ளையைப் புகழவில்லை; குறைதான் சொன்னார். நாவூறு வந்து பிடிக்க அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஜெயந்தன் தேறிவிட்டான் என்பது எல்லோருக்கும் விளங்கியது.

கதிரையில் இருந்த பெடியன், தன் சோதனை முடிவு வந்தபோது அம்மா ஊருக்குச் சொன்னது 'ஏதோ பாஸாம்' என்பதுதான் என்றான். பத்மாசனி தானும் மகளுக்குக் காதோரம் கறுப்புப் பொட்டு வைக்காமல் வெளியே அனுப்புவதில்லை என்றார். பிறகு, அமராவதி இன்னும் நின்றுகொண்டிருப்பதைக் கண்டு, மெதுவாகக் கேட்டார்.

"அமராவதி, சதீஸ் என்ன கரைச்சல் தாறான்?"

இது வாயில் வந்தது. தடையில்லாமல் வந்தது.

"என்னத்தைச் சொல்ல மிஸ். பைக்குள்ள இருந்த உடுப்பையெல்லாம் கொட்டிப்போட்டு, அதுக்குள்ள கோழியை அடை வச்சிருக்கிறான். செருப்பை எங்கயோ துலைச்சுப்போட்டான். கேட்டால் தெரியாதாம். செருப்பைத் தேடுற எண்ணமே இல்லை அவனுக்கு."

குரல் கோபமாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் அவர் கீழே இருந்துவிட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு.

அன்று கேள்வி மாறியது. அப்போது என்ன கரைச்சல் தந்தது, இப்போது என்ன கரைச்சல் தருகிறது, அவ்வளவுதான். ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன தாய்மாரை இப்போது நிறுத்த முடியவில்லை. ஆவணியில் சாப்பிடாமல் இருந்த பிள்ளை, இப்போது தம்பியின் கோப்பையிலும் கைவைக்கிறது. வாயே திறக்காதது இப்போது பொய் சொல்கிறது. பெடியன் எழுதி எழுதிக் கை உதறினான். ஒருவரை ஒருவர் மிஞ்சித் தங்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள். அமராவதி அப்படியொரு சந்தோசத்தை அந்தக் கொட்டிலில் அதற்கு முன் கண்டதில்லை.

கடைசியாக அன்னபாக்கியத்தின் முறை வந்தது. உருத்திரபுரத்திலிருந்து வந்தவர்தான் அவரும். புருசனைத் தொண்ணூற்றாறில் எறிகணைச் செல்லடியில் பறிகொடுத்தவர். மகள் கஜனிக்கு ஒன்பது வயது.

"என்ர பிள்ளையால ஒரு கரைச்சலும் இல்லை மிஸ்" என்றார் அவர். பெருமையாகச் சொல்லவில்லை. மற்றவர்களைப் போலச் சொல்ல ஒன்றுமில்லையே என்று வெட்கப்பட்டவர் போலச் சொன்னார். "சொன்னதைச் செய்வாள். அப்பவும் அப்படித்தான். இப்பவும் அப்படித்தான்."

அந்த நேரம் கஜனி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தாய்மாருக்கு வார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அதைச் செய் என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு துளி சிந்தாமல் வார்த்தாள். அமராவதியிடம் வந்து, "அக்கா, உங்களுக்கு?" என்றாள்.

அமராவதி அவளுடைய முகத்தைப் பார்த்தார். முற்றத்துக்கு முதல் வருகிறவள் கஜனி. வந்ததும் விளக்குமாறை எடுத்துக் கூட்டுவாள். சத்தம் கேட்டு மற்றப் பிள்ளைகள் ஓடும்போது, இவள் ஓடமாட்டாள். ஆகச் சின்னதைத் தூக்கிக்கொண்டு நடந்து போவாள். பங்கருக்குள் மற்றவர்கள் அழும்போது, அழாதே என்று சொல்லிக்கொண்டிருப்பாள். கஜனியைப் பாருங்கோ என்று அமராவதியே மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். முதல் கேள்விகளின்போது எல்லோரிலும் நல்ல புள்ளி அவளுக்குத்தான். அத்தனை மாதத்தில் அவள் விளையாடிய ஒரு நாளை நினைவில் எடுக்க அமராவதி பார்த்தார். ஒன்றும் வரவில்லை. செம்பை வாங்கும்போது அந்தக் கை எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று பிறகு மாயாண்டியிடம் சொன்னாராம்.

பத்மாசனி கிளிநொச்சிக்குப் போய் என்ன கதைத்தாரோ தெரியாது. திட்டுக் கொஞ்சம் வாங்கியிருப்பார். கேள்வியை இடையில் மாற்றினால் அளவு அளவாகுமா என்று மேலே கேட்டார்களாம். கடைசியில், சிறுபோக நெல் அறுவடை முடியும்வரை பொறுத்துப் பார்ப்போம், அதற்குப் பிறகு திரும்பவும் கேட்போம் என்று முடிவானது. முற்றத்துக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அந்த அவகாசத்தை அமராவதி கஜனிக்காகச் செலவழித்தார்.

இலேசாக இருக்கவில்லை. விளக்குமாறையும் செம்பையும் வாங்கி வைத்தால், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கஜனி கொட்டிலின் கப்புத் தூணில் சாய்ந்துகொண்டு நின்றாள். களிமண்ணைக் கொடுத்தால் அடுப்பு செய்தாள். செய்துவிட்டு அதைச் சுற்றிக் கூட்டினாள். பந்தை எறிந்தால் பிடித்து, துடைத்து, திருப்பித் தந்தாள். சித்திரை போனது, வைகாசி போனது. பத்மாசனி வந்து இருந்து, அவசரப்படுத்த வேண்டாம் என்பார். அமராவதி கஜனிக்குப் பக்கத்தில் தானும் ஒரு அடுப்பு செய்துகொண்டு, தன் அடுப்பு கோணலாக வந்தது பற்றி ஏசிக்கொண்டு இருப்பார். ஆனி மாதத்தில் ஒருநாள் ஜெயந்தன் ஓடிவந்து அவளுடைய அடுப்பை மிதித்துவிட்டான். கஜனி அதைப் பார்த்தாள். பிறகு எழுந்து, அவனுடைய தலைமயிரைப் பிடித்து, கையில் அகப்பட்ட களிமண்ணால் அவனுடைய முகத்தில் அடித்தாள். அடித்துவிட்டு அழத் தொடங்கினாள். அடுப்புக்கான அழுகை அவ்வளவு நேரம் நீடிக்காது. அமராவதி அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அழாதே என்று சொல்லவில்லை. ஜெயந்தன் முகத்தில் மண்ணோடு பக்கத்தில் நின்று, வேணுமெண்டால் இன்னொருக்கா அடி என்றான்.

ஆவணியில் அன்னபாக்கியம் முற்றத்துக்கு வந்தார். வந்த வரத்தே சரியில்லை.

"அமராவதி, இஞ்ச என்ன பழக்கிறியள்? தண்ணி அள்ளிக்கொண்டு வா எண்டால், வாளியை எறிஞ்சுபோட்டுக் குளத்துக் கட்டுக்கு ஓடுறாள். ஏனடி எண்டு கேட்டால், நீங்களே அள்ளுங்கோ எண்டுறாள். எனக்கு! எதிர்த்துக் கதைக்கிறாள்!"

அமராவதி சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும். பெரிய கரைச்சல்தான் என்று தலையை ஆட்டினார். அன்னபாக்கியம் ஏசி முடித்துத் திரும்பி நடக்கும்போதுதான் கூப்பிட்டுச் சொன்னார்.

"அக்கா, எதுக்கும் இண்டைக்குப் பின்னேரம் பிள்ளைக்கு உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து ஒருக்கா நாவூறு கழிச்சு விடுங்கோ."

அன்னபாக்கியம் நின்றார். நாவூறு கழிப்பது எப்படிப்பட்ட பிள்ளைக்கு என்று எந்தத் தாய்க்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, வந்ததைவிட வேகமாக வீட்டுக்குப் போனார்.

சிறுபோகம் முடிந்து திரும்பக் கேட்டபோது கஜனியின் பெயருக்கு நேரே அந்த வாளியும் எழுதப்பட்டது. மற்ற ஊர்களிலும் இப்போது தாய்மாரிடம் கரைச்சலைத்தான் முதலில் கேட்கிறார்கள். கரைச்சல் ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால், அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு இன்னொரு தரம் போகிறார்கள்.

இது எழுதப்படுவது 2001 கார்த்திகையில். அமராவதி ஜெயபுரத்தில் மாயாண்டியோடும் சதீசோடும் இருக்கிறார். காலையில் வயல், பின்னேரம் முற்றம். முற்றத்தை வருகிற பெரும்போக அறுவடை வரைக்கும் நடத்தலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு தெரியாது. கஜனி ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். சதீஸ் எப்படி என்று கேட்டால், இன்னும் அப்படித்தான் என்கிறார். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் மதகடியில் நிற்பாட்டி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.